எந்த மலை அதிகம் எரிகிறது?

மாசி பிறந்ததும் தேனி மாவட்டத்து மயிலாடும்பாறையைச் சுற்றியுள்ள மலைகள் நிறம் மாறத் தொடங்கும். கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு வரை மூல வைகையின் கரைகளில் தென்னந்தோப்பும் இலவமரத் தோட்டமும் பச்சை காட்டி நிற்க, அவற்றுக்கு மேலே இலையுதிர்த்த காடும் பழுப்பேறிய புல்வெளியும் காய்ந்து கிடக்கும். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும். இரவில் மலைச்சரிவில் செந்நிறக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து மேலேறுவதை அடிவாரத்து ஊர்க்காரர்கள் எத்தனையோ கோடைகளில் பார்த்திருக்கிறார்கள்.

அதே நெருப்பு வானிலிருந்தும் பார்க்கப்படுகிறது. நாசாவின் டெர்ரா, அக்குவா ஆகிய இரு செயற்கைக்கோள்களிலும் மோடிஸ் என்ற உணரி இருக்கிறது. அது தரையை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்த்து, சுற்றுப்புறத்தைவிட அசாதாரணமாகச் சூடாக உள்ள கட்டத்தைக் குறித்துக்கொள்கிறது. 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் வியர்ஸ் உணரி இதையே 375 மீட்டர் நுணுக்கத்தில் செய்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகவல்களைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. இப்படி ஒவ்வொரு நெருப்பும் கடைசியில் ஒரு வரியாகச் சுருங்குகிறது: அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். வரைபடத்தில் வைத்தால் அது ஒரு புள்ளி.

ஆண்டுகள் சேரச் சேரப் புள்ளிகளும் சேர்கின்றன. அப்போது எழும் கேள்வி எளிமையானது: எந்தச் சரிவு அடிக்கடி எரிகிறது? தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்ட வேண்டும், காவலர்களை எங்கே நிறுத்த வேண்டும், தண்ணீர்த் தொட்டி எங்கே வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லக்கூடாது.

வரைபடத்தை உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று தோன்றும். தெரியாது. ஓரிடத்தில் இருபது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கண்ணுக்கு அது ஒரு புள்ளிதான். பரவலாகச் சிதறிய இருபது புள்ளிகளோ பெரும் கூட்டமாகத் தெரியும். புள்ளிகளின் நெருக்கத்தை அளக்கக் கண்ணைவிட நல்ல கருவி வேண்டும்.

கட்டம் போட்டு எண்ணுவது

முதலில் தோன்றும் வழி, வரைபடத்தின்மேல் சதுரங்கள் வரைந்து ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை புள்ளி என்று எண்ணுவது. இந்திய வன ஆய்வு நிறுவனமே இதைச் செய்திருக்கிறது. 2004 முதல் 2017 வரையிலான 13 ஆண்டுகளின் தீப்புள்ளிகளை எடுத்து, நாடு முழுவதையும் 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 4 அல்லது அதற்கு மேல் தீ என்றால் அது மிகமிகத் தீவிரமான பகுதி. 2 முதல் 4 வரை என்றால் அதற்கு அடுத்த படி, 1 முதல் 2 வரை என்றால் மூன்றாம் படி. இந்தியக் காடுகளில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் வாய்ப்புள்ளவை என்ற முடிவு இந்த ஆய்விலிருந்து வந்தது.

நாடு தழுவிய கணக்குக்கு இது நல்ல முறை. ஒரு வனச்சரக அலுவலகத்துக்கு வரும்போது சிக்கல் தலைதூக்கும். வருசநாட்டு மலையில் ஏதோ ஒரு சரிவில் 13 ஆண்டுகளில் 100 தீப்புள்ளிகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தச் சரிவு ஒரே கட்டத்துக்குள் அடங்கினால் ஆண்டுக்கு 7.7 என்று கணக்கு வரும். முதல் படியில் நிற்கும். அதே சரிவு நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் அமைந்துவிட்டால் கட்டத்துக்கு 25 புள்ளிகள்தான். ஆண்டுக்கு 1.9. நான்கு கட்டங்களுமே மூன்றாம் படிக்கு இறங்கிவிடும். மலை மாறவில்லை, நெருப்பு மாறவில்லை. கோடு எங்கே விழுந்தது என்பது மட்டுமே மாறியது.

புள்ளியைக் குவியலாக்குவது

இந்தக் கோட்டுக் கொடுமையிலிருந்து விடுபடத்தான் கெர்னல் முறை வந்தது. புள்ளிகளைக் கட்டத்துக்குள் அடைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு புள்ளியையும் அது விழுந்த இடத்திலேயே கொஞ்சம் பரப்பிவிடுகிறார்கள்.

களத்தில் நெல் கொட்டுவதை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தீப்புள்ளியிலும் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினால், குவியல் நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் சரிந்தும் நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் கொட்டியவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகும். தனியே கொட்டியது சிறு திட்டாகவே நிற்கும். எல்லாம் கொட்டி முடித்தபின் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று அளந்தால், அதுவே அந்த இடத்தின் செறிவு, அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை தீ. நூறு மரக்கால் கொட்டியிருந்தால் மொத்தமும் நூறு மரக்கால்தான். பரப்பியதால் எதுவும் கூடவில்லை, குறையவில்லை.

ஒரு புள்ளிக்குக் கொட்டிய குவியலின் வடிவத்துக்குத்தான் புள்ளியியலில் கெர்னல் என்று பெயர். சிதறிய தரவிலிருந்து வழுவழுப்பான வளைவை வரைய இந்த முறையை முர்ரே ரோசன்பிளாட் 1956-இலும் இமானுவேல் பார்சன் 1962-இலும் எழுதிய கட்டுரைகள் நிலைநிறுத்தின. நிலப்பரப்பில் சிதறிய புள்ளிகளுக்கு இதைப் பொருத்தும் வழியை பீட்டர் டிகிள் என்ற பிரிட்டன் புள்ளியியலாளர் 1985-இல் விளக்கினார். இன்று செய்தித்தாள்களிலும் அரசு அறிக்கைகளிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மின்னும் 'ஹீட்மேப்' படங்களில் பல இந்த முறையின் பிள்ளைகளே.

எவ்வளவு அகலம்?

குவியலின் வடிவம் மணிபோல இருக்க வேண்டுமா, கவிழ்த்த கிண்ணம்போல இருக்க வேண்டுமா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. எபனெச்னிகோவ் என்ற ரஷ்யர் 1969-இல் மிகச் சிறந்த வடிவம் எது என்று கணக்கிட்டார். மற்ற வடிவங்கள் அதற்கு மிக அருகிலேயே வருகின்றன. விடையை மாற்றுவது குவியலின் அகலம்.

மணி வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் (அதாவது மணியின் திட்டவிலக்கம்) 1 கிலோமீட்டர் என்றால், ஒரு தீப்புள்ளியின் உச்சியில் செறிவு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 0.16. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதில் 61 சதவீதம், இரண்டு கிலோமீட்டரில் 14 சதவீதம், மூன்றில் 1 சதவீதம். அகலத்தை 2 கிலோமீட்டராக்கினால் உச்சி நான்கில் ஒரு பங்காக, 0.04-ஆகத் தாழும். 5 கிலோமீட்டராக்கினால் 0.006. அகலம் குறைந்தால் வரைபடம் முழுக்கச் சிறு சிறு முட்களாக நிற்கும். ஒவ்வொரு தீயும் தனிக் கதையாகிவிடும். அகலம் கூடினால் எல்லாம் கலந்து மாவட்டமே இளஞ்சிவப்பாகும்.

இதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நான்கு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சரிவுகள் சம அளவில் எரிகின்றன, இடையே ஈரமான சோலைக்காடு. அது எரியவே இல்லை. அகலம் 1 கிலோமீட்டர் என்றால் வரைபடம் இரண்டு மேடுகளைக் காட்டும். அகலம் 3 கிலோமீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே மேடாகும். அதன் உச்சி நடுவில், எரியாத சோலையின்மேல் நிற்கும். மணி வடிவக் குவியலில், இடைவெளி அகலத்தின் இரு மடங்கைத் தாண்டாதவரை இது தவறாமல் நடக்கும். வரைபடத்தில் மிகச் சிவந்த இடம் ஒரு முறைகூட நெருப்பைப் பார்க்காத இடமாக இருக்கலாம். அதை நம்பி அங்கே காவலரை நிறுத்தினால் இரண்டு சரிவுகளும் காவலின்றிப் போகும்.

சரியான அகலத்தை எப்படித் தேர்வது? தரவிடமே கேட்கும் வழிகள் உண்டு. ஒரு புள்ளியை மறைத்துவிட்டு, மற்றப் புள்ளிகளைக் கொண்டு வரைந்த மேடு அந்த மறைந்த புள்ளியை எவ்வளவு நன்றாக ஊகிக்கிறது என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. எல்லாப் புள்ளிகளுக்கும் இதைச் செய்து, ஊகம் சிறப்பாக அமையும் அகலத்தை எடுப்பார்கள். ஆனால் தீப்புள்ளிகளில் இதற்கு ஒரு பொறி இருக்கிறது. ஒரே தீயைப் பகலில் ஒரு செயற்கைக்கோளும் இரவில் இன்னொரு செயற்கைக்கோளும் பார்க்கும்; பெரிய தீ ஒரே நேரத்தில் பல கட்டங்களில் பதிவாகும். ஒரு நெருப்புக்குப் பத்துப் புள்ளி விழுந்தால், மறைத்த புள்ளிக்கு அருகிலேயே அதன் நகல் காத்திருக்கும். கணக்கு ஏமாந்து மிகக் குறுகிய அகலத்தைத் தேர்ந்துவிடும். முதலில் நாள், இட நெருக்கம் பார்த்து ஒரே தீயின் புள்ளிகளை ஒன்றாகக் கட்ட வேண்டும்.

இன்னொரு வரம்பு கருவியிலிருந்தே வருகிறது. மோடிஸ் புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் நடுவிடம்; தீ அக்கட்டத்துக்குள் எங்கும் இருந்திருக்கலாம். அந்தத் தரவை வைத்துக்கொண்டு 200 மீட்டர் அகலத்தில் வரைபடம் வரைந்தால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதாகும்.

கேள்வியும் அகலத்தைத் தீர்மானிக்கும். தீத்தடுப்புக் கோட்டை எந்த முகட்டில் வெட்டுவது என்று கேட்டால் ஒரு கிலோமீட்டர் அளவு தேவைப்படும். எந்த வனச்சரகத்துக்குக் கூடுதல் ஆள் என்று கேட்டால் ஐந்து கிலோமீட்டர்கூடப் போதும். பலர் இந்த முடிவை எடுப்பதே இல்லை; மென்பொருள் எடுத்துவிடுகிறது. அட்ரியன் பேட்லியும் ரோல்ஃப் டர்னரும் உருவாக்கிய 'ஸ்பாட்ஸ்டாட்' இத்துறையில் மிகவும் பயன்படும் இலவச மென்பொருள். அகலம் எதுவும் சொல்லாவிட்டால், வரைபடச் சட்டத்தின் குறுகிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கை அது தானே எடுத்துக்கொள்ளும். 40 கிலோமீட்டர் பக்கமுள்ள படம் என்றால் 5 கிலோமீட்டர். கம்பம் பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் அளவில் இருக்கிறது. மேகமலை 1,500 மீட்டர். அந்த 5 கிலோமீட்டர் அகலத்தில், மலையுச்சியில் எரிந்த புல்லின் சிவப்பு அடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்தில் வந்து விழும்.

அடர்த்தியான இடத்தில் குறுகிய குவியல், புள்ளிகள் அரிதான இடத்தில் அகன்ற குவியல் என்று இடத்துக்கு இடம் அகலத்தை மாற்றும் முறையும் உண்டு. இயன் ஆப்ராம்சன் 1982-இல் அதற்கு வழி சொன்னார். மலையும் சமவெளியும் ஒட்டிக் கிடக்கும் தேனி போன்ற மாவட்டத்துக்கு அது பொருத்தமான வழி.

எல்லைக்கு அந்தப் பக்கம்

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லை பெரும்பாலும் மலைமுகட்டிலேயே ஓடுகிறது. அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் பாதையும் அந்த முகட்டை ஒட்டியதே. தமிழ்நாட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்து வரைபடம் வரைந்தால், முகட்டில் உள்ள ஒவ்வொரு குவியலிலும் பாதி எல்லைக்கு வெளியே சரிந்துவிடும். அங்கிருந்து உள்ளே சரிய வேண்டிய பாதி வராது. இரு புறமும் ஒரே அளவில் எரிந்தாலும் எல்லைக்கோட்டின்மேல் செறிவு உண்மையில் பாதியாகவே தெரியும். மிக ஆபத்தான முகடு வரைபடத்தில் வெளிறிப்போகும்.

டிகிளின் 1985 கட்டுரை இதற்கும் ஒரு திருத்தம் தந்தது: குவியலில் எத்தனை பங்கு எல்லைக்குள் நிற்கிறதோ, அந்தப் பங்கால் வகுத்துவிடுவது. கணக்குக்கு இது போதும். காட்டுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு மாநில எல்லை கிடையாது. இடுக்கிப் பக்கத்துப் புள்ளிகளும் அதே பட்டியலில் கிடைக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு, வரைபடத்தை மட்டும் எல்லையில் வெட்டிக்கொள்ளலாம்.

மேடு எல்லாம் காரணமா?

குவியல்கள் சேர்ந்து மேடு எழும்பினால் அங்கே ஏதோ காரணம் இருக்கிறது என்று மனம் உடனே நம்பிவிடும். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மக்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் சில வட்டாரங்களைக் குறிவைத்து விழுவதாகப் பேச்சு. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் 1946-இல் அதைச் சோதித்து வெளியிட்டார். தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 சதுரங்களாகப் பிரித்தார். அங்கே விழுந்தவை 537 குண்டுகள். குறியே இல்லாமல் கண்டபடி விழுந்திருந்தால் சுமார் 227 சதுரங்கள் ஒரு குண்டும் விழாமல் தப்பியிருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. உண்மையில் தப்பியவை 229. தற்செயலும் கூட்டம் கூட்டமாகவே விழும்.

ஆகவே தீ வரைபடத்தில் ஒரு மேட்டைக் காட்டுபவர், அதே எண்ணிக்கைப் புள்ளிகளைக் காட்டின்மேல் கணினியால் கண்டபடி 99 முறை தூவி, ஒவ்வொரு முறையும் அதே அகலத்தில் மேடுகளை வரைந்து பார்க்க வேண்டும். உண்மை மேடு அந்த 99 போலிகளின் உச்சிகளையும் விஞ்சி நின்றால் அதைப் பொருட்படுத்தலாம்.

அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எதோடு ஒப்பிட்டு? புல்வெளியும் இலையுதிர் காடும் சோலையும் ஒரே மாதிரி எரிவதில்லை. ஒரு பகுதியில் தீப்புள்ளி அதிகம் என்பது அங்கே காய்ந்த புல் அதிகம் என்பதை மட்டுமே சொல்லலாம். இதே சிக்கலை இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் டிகிள் 1990-இல் எதிர்கொண்டார். பழைய கழிவு எரியுலை ஒன்றைச் சுற்றிக் குரல்வளைப் புற்றுநோய் கூடுகிறதா என்பது கேள்வி. 58 குரல்வளை நோயாளிகளின் இருப்பிடங்களை மட்டும் பரப்பி வரைந்தால், மக்கள் நெருங்கி வாழும் தெருக்கள்தான் மேடாகும். எனவே 978 நுரையீரல் புற்றுநோயாளிகளின் இருப்பிடங்களை ஒப்பீட்டுக்கு வைத்தார். மக்கள் எங்கே எவ்வளவு வாழ்கிறார்கள் என்பதை அவை காட்டின. ஒரு மேட்டை இன்னொரு மேட்டால் வகுத்து, கிடைக்கும் விகிதத்தைப் பார்ப்பதே அதன் பிறகு வழக்கமானது. வருசநாட்டு மலைக்கு அதன் பொருள் இது: புல்வெளிச் செறிவைப் புல்வெளியோடும், இலையுதிர் காட்டை இலையுதிர் காட்டோடும் ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரிப் புல் வளரும் இரண்டு சரிவுகளில் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் எரிந்தால், அங்கே மனிதர் நடமாட்டத்தைத் தேட வேண்டும்.

சாலைக்கு வேறு கணக்கு

இதே முறை விபத்துகளுக்கும் பயன்படுகிறது. அங்கே ஒரு மாற்றம் தேவை. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 183-இல் விபத்து நடப்பது கோட்டின்மேல்; வயலில் இல்லை. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில், மேல் வளைவும் கீழ் வளைவும் நேராக அளந்தால் சில பத்து மீட்டர்தான். சாலையில் போனால் பல நூறு மீட்டர். சமதளத்தில் பரப்பினால் மேல் வளைவின் விபத்து கீழ் வளைவில் கசிந்துவிடும். அதனால் சாலைவழியாகவே குவியலைப் பரப்பும் கணக்குகள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விபத்துக் கரும்புள்ளியை வரையறுப்பது, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் என்று. காட்டில் ஐந்து கிலோமீட்டர் கட்டம் செய்ததைச் சாலையில் இந்த 500 மீட்டர் செய்யும். விபத்துகள் இரண்டு துண்டுகளின் சந்திப்பில் விழுந்தால் இரண்டுமே தப்பிவிடும். துண்டு போடாமல் சாலைவழிச் செறிவைப் பார்த்தால் அந்த வளைவு மறையாது.

தேனிக்கு ஒரு வரைபடம்

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, வைகை பிறக்கும் மலைகள் 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. தீப்புள்ளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருளும் இலவசம். மாவட்டத்துக் கல்லூரிகளின் புள்ளியியல், புவியியல் மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

செய்பவர்கள் சில தகவல்களை வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிட வேண்டும்: எந்த உணரி, எந்த ஆண்டுகள், குவியலின் அகலம் எத்தனை கிலோமீட்டர், ஒரே தீயின் புள்ளிகள் சேர்த்துக் கட்டப்பட்டனவா, இடுக்கிப் புள்ளிகள் உள்ளனவா, எந்த வகைக் காட்டோடு ஒப்பிடப்பட்டது. இவை இல்லாத சிவப்புப் படத்தை மாவட்ட நிர்வாகமோ பத்திரிகையோ முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது. தீப்புள்ளிகளின் பட்டியலைக் காட்டுக்குள் நடக்கும் வனக்காப்பாளரிடமும் ஒரு முறை காட்ட வேண்டும். பள்ளத்தாக்கில் எரித்த கரும்புச் சோகையையும் செங்கல் சூளையையும் செயற்கைக்கோள் சூடு என்றே பதியும். எது காடு, எது சூளை என்று அவருக்குத் தெரியும். அடர்ந்த பசுங்காட்டின் கீழே ஊர்ந்து போன, செயற்கைக்கோள் கடந்துபோகும் நேரத்துக்குள் அணைந்துவிட்ட தீயையும் அவர்தான் சேர்க்க முடியும்.

பிறகு ஒன்றுக்கு இரண்டு வரைபடங்களாக அச்சிட்டு, ஒரு கிலோமீட்டர் அகலத்தில் ஒன்றும் மூன்று கிலோமீட்டர் அகலத்தில் ஒன்றுமாக, தை முடிவதற்குள் வனச்சரக அலுவலகங்களுக்கு அனுப்பலாம். இரண்டிலும் சிவந்திருக்கும் சரிவில் முதல் தீத்தடுப்புக் கோட்டை வெட்டத் தொடங்கலாம். அகன்ற படத்தில் மட்டும் சிவந்திருக்கும் இடத்துக்குக் கோடு வெட்டும் முன் ஓர் ஆள் நடந்து போய், அங்கே எரிந்த அடிமரமும் கரியும் இருக்கிறதா, ஈரச் சோலை நிற்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.